தோள் இறங்கும் வரை

ஜனவரி 8

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் சொந்தக் கையால் எழுதுவது.

மேலே உள்ள வரியை இன்னொரு முறை படி. சொந்தக் கையால்! யாரையும் உட்கார வைத்து எழுதச் சொல்லவில்லை. நான் சுகம். முழங்கால் மட்டும் எதிர்க்கட்சி. நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கிறாரா?

ஆறு மாதமாக நூலகத்து மாடியில் மாலை வகுப்புக்குப் போகிறேன். பாதியில் விட்டால் நீ சிரிப்பாய் என்று சொல்லவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல் பெஞ்சு. டீச்சர், "தாத்தா, நீங்க உயரம், பின்னாடி போங்களேன்" என்றார். "முன்னாடி உக்காந்தாத்தான் எனக்குப் படிப்பு ஏறும்" என்று அசையாமல் இருந்துவிட்டேன். இப்போது வாரம் ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். அதனால் இனி போனில் கூப்பிடாதே. எழுது. நானும் எழுதுகிறேன்.

வெல்டர் உன்னிடமும் பேசினானாமே? நாம் நாலு பேரும் கிளப்பில் சனிக்கிழமை தோறும் வாசித்தோமே, அந்த ராக் பாட்டை மறுபடி வாசிக்கப் போகிறோம். நாலு ஊரில், நாலு வீட்டில், அவரவர் தனியாக. அவன் கிட்டார், பல் டாக்டர் பேஸ் கிட்டார், நீ பாட்டு, நான் டிரம்ஸ். எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் அனுப்பினால் வெல்டர் கம்ப்யூட்டரில் ஒட்டவைப்பானாம். இரும்பை ஒட்டியவன், இப்போது பாட்டை ஒட்டுகிறான். முதலில் என் டிரம்ஸ் போக வேண்டும். ஹெட்போனில் டிக் டிக் என்று ஒரு கிளிக் ஓடுமாம். அதைக் கேட்டுக்கொண்டே அடிக்க வேண்டுமாம்.

ஒரு சந்தேகம். எனக்கு அந்தப் பாட்டின் பாஷை தெரியாது. பத்து வருஷம் அடித்த பாட்டு எதைப் பற்றியது? எழுது.

இந்தக் கடிதத்துக்கு மூன்று மாலை ஆயிற்று. கை வலிக்கிறது, மனசு ஆடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

—

ஜனவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு, வணக்கம். இங்கே எல்லாரும் நலம். அவர் குச்சி ஊன்றிக் குளியலறை வரை போய்வருகிறார். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்னைத் திட்டுகிறார். தேறிவிட்டார் என்று அர்த்தம்.

உன் கடிதத்தைத் தையல் மிஷின் மேல் வைத்து நாலு முறை படித்தேன். எதிர் மிஷின்காரி, "என்னக்கா, அழுவுறீங்களா சிரிக்கிறீங்களா?" என்றாள். ரெண்டும்தான்.

ஆனால் போன் ஏன் வேண்டாம்? கடிதம் பாட்டுக்கு வரட்டும், போன் பாட்டுக்கு இருக்கட்டும். இந்த வாரம் ஏழு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பாட்டின் அர்த்தம்: ஒருத்தன் மழையில் நின்று கதவைத் தட்டுகிறான். உள்ளே விளக்கு எரிகிறது. திற, திற என்கிறான். நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்குமே, அந்த இடத்தில் அவன் தட்டுவதை நிறுத்திவிட்டு, உள்ளே காலடி கேட்கிறதா என்று காது கொடுக்கிறான். அவ்வளவுதான் கதை.

உனக்கு நல்ல ஹெட்போன் ஒன்று பார்சல் அனுப்பியிருக்கிறேன். 24 அல்லது 25-ல் வரும். வீட்டில் இரு. பிப்ரவரி 15-க்குள் உன் டிரம்ஸ் வராவிட்டால் கம்ப்யூட்டரில் இருக்கிற டிரம்ஸைப் போட்டுவிடுவதாக வெல்டர் சொல்கிறான். அவன் விளையாட்டாகச் சொன்னானா என்று தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கச்சி

—

ஜனவரி 25

அன்புத் தங்கச்சிக்கு, சுகம். உங்கள் இருவர் சுகமும் அறிய ஆசை.

கதவைத் திற என்பதுதானா! ரயிலைப் பற்றிய பாட்டு என்று நினைத்துக்கொண்டு அடித்திருக்கிறேன். அதனால்தான் அவ்வளவு வேகம்.

நேற்றும் இன்றும் உன் பார்சலுக்காக வீட்டை விட்டு நகரவில்லை. கதவிலிருந்து நாலடி தூரத்தில் நாற்காலி போட்டு, மடியில் பலகை வைத்து, இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் வரவில்லை. பார்சல்காரர்களுக்கு நாள் கணக்கு ஏது?

போன வாரம் வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து என்னிடம் வெகு நேரம் பேசினார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நான் ஓரமாகத்தான் சைக்கிளில் போனேன். ஆனால் ஒன்று, அந்த பஸ்ஸின் நெற்றியில் இருந்த பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட்டேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு என்றால் அது வெறும் கோடு.

பின் அறையில் சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி டிரம்ஸை வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு அம்மா இன்னும் சண்டைக்கு வரவில்லை. டிரம்ஸை மிஷினிடம் கொடுக்க வேண்டாம் என்று வெல்டரிடம் சொல். மிஷினுக்கு வியர்க்குமா? மாப்பிள்ளையை மெதுவாக நடக்கச் சொல்.

அண்ணன்

—

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு, நாங்கள் நலம். நீ நலமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை.

பார்சல் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. மேலே ஒட்டிய சீட்டில் எழுதியிருக்கிறது: "ஜனவரி 24, காலை 11.20. பலமுறை கதவு தட்டப்பட்டது. மணி அடிக்கப்பட்டது. பதில் இல்லை."

நீ கதவிலிருந்து நாலடியில் உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த பஸ் ஹார்ன் அடித்ததா அண்ணா?

உடனே பதில் போடு.

தங்கச்சி

—

பிப்ரவரி 11

அன்புத் தங்கச்சிக்கு, நான் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

11.20-க்கு நான் குளிக்கப் போயிருப்பேன். சீட்டு எழுதுகிறவர்கள் எதையும் எழுதுவார்கள். ஹெட்போன் வேண்டாம். பழையதே போதும்.

நல்ல சேதி கேள். டிரம்ஸ் பதிவு செய்து அனுப்பிவிட்டேன். முதலில் தவறாக வேறு ஒன்றை அனுப்பிவிட்டேன் என்று வெல்டர் மெசேஜ் போட்டான். நான் சிவப்பு வட்டத்தை அமுக்கிவிட்டு முழங்காலைத் திட்டிக்கொண்டே உட்காருகிற சத்தம் நாலு நிமிஷம். வெல்டர் பத்திரமாக வைத்திருக்கிறானாம், என் எண்பதாவது பிறந்தநாளில் போடுவானாம். இரண்டாவது முறை பெயரைப் படித்துச் சரியானதை அனுப்பினேன். படித்து!

வகுப்பில் டீச்சர் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார். நான் வாசித்து முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது.

டீக்கு வைத்த பாத்திரம் ஒன்று கருகிப் போயிற்று. விசில் வைத்த கெட்டில்தான், நான் எழுத்தில் மூழ்கிவிட்டேன். புதியது வாங்கியாயிற்று. பல் டாக்டரிடம் ஒரு விஷயம் விசாரித்தேன், பல்லால் குச்சியைக் கடித்தால் தாளம் எலும்பு வழியாக மண்டைக்குள் போகுமா என்று. என் சிநேகிதர் ஒருவருக்காகக் கேட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

—

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு, நாங்கள் நலம்.

நீ விடியுமுன் குளித்துவிட்டு எங்கள் எல்லாரையும் எழுப்புகிற ஆள். 11.20-க்குக் குளியலாம். உனக்கு அப்படி ஒரு சிநேகிதரும் கிடையாது. இருந்தால் எனக்குத் தெரியாமல் இருப்பாரா?

வெல்டர் பேசினான். உன் டிரம்ஸ் கிளிக் மேல் உட்காரவே இல்லையாம். "ரோடு ஒரு பக்கம் போகுது, உங்கண்ணன் வயல்ல நடக்கறாரு. அந்த நிறுத்தத்துக்கு அப்புறம் ஆளையே காணோம்" என்றான். "வருத்தப்படாதீங்க, மிஷின் டிரம்ஸ் போட்டு முடிச்சுடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது." நான் அவனைத் திட்டினேன். பிறகு மார்ச் முடிகிற வரை பொறு என்று கெஞ்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஒருவழியாகப் போனை எடுத்தாய். சாப்பாடு ஆச்சா என்றேன், தலையாட்டினாய். கால் வலி எப்படி என்றேன், தலையாட்டினாய். அப்புறம் சத்தமாக ஒன்று கேட்டேன். "உன் பேரென்ன?" அதற்கும் "ஆமாமா" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினாய்.

எனக்கு இங்கே இவரை விட்டு நகர முடியவில்லை. யூனிஃபார்ம் தைக்கிற சீசன் வேறு. ஊசி விரலில் ஏறிவிட்டது, கவனம் எங்கே இருக்கிறது? சாலையில் நீ சைக்கிளில் போவதுதான் கண்ணில் நிற்கிறது. என்னிடம் என்ன ஒளிவு? சொல்லேன்.

தங்கச்சி

—

மார்ச் 2

அண்ணா, பத்து நாளாகப் பதில் இல்லை. கீழ்வீட்டு அம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "இருக்காரும்மா. படியேறி வர்றாரு, இறங்கிப் போறாரு. கூப்பிட்டா மட்டும் திரும்பறதில்ல. கர்வம் புடிச்ச மனுஷன்" என்றார்.

நீ கர்வம் பிடித்தவன் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். காரணத்தை உன்னிடமிருந்து கேட்க வேண்டும். ஒரு வரி எழுது. சாப்பிட்டாயா என்றாவது எழுது.

தங்கச்சி

—

மார்ச் 9

தங்கச்சிக்கு, சுகம்.

மிஷினையே போடச் சொல். முழங்கால் சரியில்லை, மிதி அமுக்க முடியவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. நீங்கள் மூன்று பேரும் நன்றாக முடியுங்கள். சாப்பிட்டேன்.

அண்ணன்

—

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு, நாங்கள் நலம். அவர் குச்சி இல்லாமல் நடந்தார், எட்டு அடி. நீயும் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படி, நடுவில் மடித்து வைக்காதே.

உன் கடிதம் வந்த அன்றே வெல்டரிடம் உன் டிரம்ஸை அனுப்பச் சொன்னேன். கிளிக் வேண்டாம், எங்கள் அண்ணனை மட்டும் அனுப்பு என்றேன். கடை மூடியபின் மிஷின்களுக்கு நடுவே நின்று, போனைக் கத்தரிக்கோல் டப்பாவில் சாத்திவைத்து, கூடவே பாடினேன். முப்பது வருஷம் கழித்து.

அந்த நிறுத்தம் வந்தது. கிளிக் கணக்குப்படி நாலு டிக், உடனே டிரம்ஸ் திரும்ப வேண்டும். அது எனக்கு என்றைக்குமே போதாது, ஞாபகம் இருக்கிறதா? மேடையில் நான் தோளைத் தூக்கி மூச்சை இழுத்து இழுத்து நிறைப்பேன். நீ குச்சியை உயர்த்தியபடி என் தோளையே பார்த்துக்கொண்டிருப்பாய். தோள் இறங்கும்போது அடிப்பாய். பல் டாக்டர் அதைத் திட்டுவார்.

அன்றைக்குக் கடையிலும் மூச்சை இழுத்தேன். என் பழக்கத்துக்குத்தான் இழுத்தேன். தோளை இறக்கினேன். அதே நொடியில் நீ அடித்தாய். ஒரு இம்மி பிசகவில்லை.

எல்லாரும் கிளிக்கைக் கேட்டு அடிப்பார்கள். நீ என்னைப் பார்த்து அடித்திருக்கிறாய். நான் அங்கே இல்லவே இல்லை.

அண்ணா, உனக்குக் காது கேட்கவில்லை. நானே எழுதிவிட்டேன். இனி நீ எழுத வேண்டிய கஷ்டம் இல்லை.

வெல்டரிடம் கிளிக்கைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்லிவிட்டேன். "அது இல்லாம எப்படிக்கா ஒட்டறது?" என்றான். "கிளப்புல எதை வெச்சு ஒட்டின?" என்றேன். இப்படிச் செய்யப் போகிறோம்: முதலில் நான் பாடி வீடியோ எடுக்கிறேன், தோள் நன்றாகத் தெரியும்படி. நீ அதைப் பார்த்து அடி. அவர்கள் இருவரும் நம் மேல் வாசிக்கட்டும்.

ஒரே நிபந்தனை. பல் டாக்டர் உன் ஊரில் தெரிந்த காது டாக்டரிடம் 22-ம் தேதி நேரம் வாங்கியிருக்கிறார். விலாசச் சீட்டு உள்ளே. கவுன்டரில் அதைக் காட்டு. கூப்பிடும்போது பலகையில் பெயர் வருமாம். நீதான் படிப்பாயே.

தங்கச்சி

—

மார்ச் 26

என் அன்புத் தங்கச்சிக்கு, நான் சுகம். இந்த முறை நிஜமாகவே.

கடைசி வரை படித்தேன். நடுவில் ஒரு தடவை மடித்தேன், உடனே பிரித்துவிட்டேன்.

பாய்லர் பட்டறையில் முப்பத்தொரு வருஷம். முதலில் விசில் சத்தம் போயிற்று. அப்புறம் போன் மணி. பிறகு பெண்கள் குரல். உன் குரல் போனில் கேட்காமல் போனபோது போனை மாற்றினேன். மூன்று போன் மாற்றினேன். டிரம்ஸ் மட்டும் நெஞ்சுக்குள் வந்துகொண்டிருந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று வைத்துக்கொண்டேன். உங்களிடம் சொன்னால் என் நாற்காலியில் மிஷினை உட்கார வைப்பீர்கள். பரிதாபப்பட்டு ஒருமுறை கூப்பிட்டு, ஓரமாக எதையாவது தட்டச் சொல்வீர்கள். அதுதான் பயம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் படிக்க ஆசை வந்தது என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். ஆசை அப்புறம் வந்தது. முதலில் வந்தது பயம். காது வழியாக வந்ததெல்லாம் நிற்கப் போகிறது, வேறு வாசல் ஒன்று வேண்டும் என்றுதான் போய் உட்கார்ந்தேன். முதல் பெஞ்சு டீச்சரின் உதட்டைப் பார்க்க.

டாக்டரிடம் போனேன். பலகையில் என் பெயர் வந்தது, நானே படித்து எழுந்தேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் நல்ல பெயர் வாங்க அமுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் வந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை." தங்கச்சி, அந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் பாதி பயம் வெளியே போயிற்று.

போனது திரும்பாதாம். மிச்சத்தைக் காப்பாற்றலாமாம். காதுக்கு மிஷின் கொடுத்திருக்கிறார்கள். நேருக்கு நேர் பேச்சு கேட்கிறது, பாட்டு மட்டும் தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறது. வெல்டர் நேரில் வந்து அழைப்பு மணியோடு பெரிய விளக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டான். ஆள் வந்தால் வீடே மின்னும். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சைக்கிளைக் கீழ்வீட்டு அம்மாவின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். வகுப்புக்கு நடந்து போகிறேன்.

உன் வீடியோவைச் சிம்பல் தட்டின் பக்கத்தில் நிறுத்திவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அடித்தேன். நீ நரைத்துவிட்டாய். தோள் அப்படியேதான் இருக்கிறது. நேற்று அனுப்பிவிட்டேன்.

பாட்டு தயாராகி வந்தாலும் எனக்கு முழுசாகக் கேட்காது. எப்படி இருக்கிறது என்று எழுது. எதையும் விடாமல் எழுது. நன்றாக இல்லை என்றால் அதையும் எழுது.

மாப்பிள்ளைக்கு எட்டு அடிக்கு வாழ்த்து.

உன் அண்ணன்

—

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணாவுக்கு, எல்லாரும் நலம். உன் மாப்பிள்ளை தெருமுனை வரை போய்த் தானே திரும்பினார். உன் காது மிஷினைக் கழற்றி வைக்காமல் போட்டுக்கொள்.

பாட்டு நேற்று வந்தது. இனி வருவது அதுதான். மெதுவாகப் படி.

முதலில் நீ. குச்சியோடு குச்சி, நாலு தட்டு. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் உன் நாற்காலி ஒரு முனகல். வெல்டர் அதை நீக்கவில்லை. நீக்கினால் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தேன்.

அப்புறம் கிட்டார், மழை தூறுகிற மாதிரி. வெல்டரின் விரல் முன்னைப் போல் ஓடவில்லை, இரண்டு இடத்தில் வழுக்குகிறது. அதற்கு அடியில் பல் டாக்டரின் பேஸ், படுக்கையறையில் யாரோ நடக்கிற மாதிரி. நான் வருகிறேன். குரல் கொஞ்சம் கரகரப்பு. மேலே போகும் இடத்தில் எட்டவில்லை, பக்கத்துப் படியில் நின்றுகொண்டேன். நீ என் பின்னாலேயே வருகிறாய். கதவைத் தட்டுகிறாய். இப்போது அது கதவு என்று தெரிந்து தட்டுகிறாய், ரயில் போய்விட்டது. தட்டத் தட்ட வேகம் ஏறுகிறது, கிட்டாரும் பேஸும் கூடவே ஓடி வருகின்றன, எல்லாரும் சேர்ந்து ஒரே கதவில் மோதுகிறோம்.

நிறுத்தம்.

இங்கே ஒரு சத்தமும் இல்லை. பல் டாக்டர் இல்லை, வெல்டர் இல்லை, கிளிக் இல்லை. நாலு ஊரில் நாலு பேர் காத்திருக்கிறோம். நான் தோளைத் தூக்கிவிட்டேன். இழுக்கிறேன். இன்னும் இழுக்கிறேன்.

இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. உனக்கே தெரியும்.

உன் தங்கச்சி

—

ஏப்ரல் 24

என் அன்புத் தங்கச்சிக்கு, சுகம், சுகம், சுகம்.

பாட்டு கிடைத்தது. டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து, கடிதத்தைச் சிம்பலில் சாத்திவைத்துப் படித்தேன். நீ நிறுத்திய இடத்தில் குச்சியைத் தூக்கினேன். காத்திருந்தேன். தோள் இறங்கியது. அடித்தேன். அப்புறம் மறுபடி முதலிலிருந்து படித்தேன். நாலாவது முறையா ஐந்தாவது முறையா தெரியாது, வீடு முழுக்க விளக்கு மின்னியது.

கீழ்வீட்டு அம்மா. "பெரியவரே, இடிச்சுத் தள்ளுறீங்களே, எத்தனை தடவை தட்டறது கதவை!" என்று கத்தினார்.

உள்ளே வாருங்கள் என்று கதவை அகலத் திறந்தேன்.

மாப்பிள்ளையையும் உன்னையும் கேட்டதாக எழுதச் சொல்லி, அந்த அம்மா இதோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

உன் அண்ணன்